பேறுபலன் (பாவமன்னிப்புச் சீட்டு): தோற்றமும் விவாதமும்

பேறுபலன் என்பது, பாவம் மன்னிக்கப்பட்ட பின்னரும் அதன் பொருட்டு எஞ்சி நிற்கும் தண்டனையைக் குறைப்பதற்கு அல்லது முழுவதும் நீக்குவதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை வழங்கும் சலுகை ஆகும். தண்டனை முழுவதையும் நீக்கும் பேறுபலன் 'பரிபூரண பலன்' எனப்படும். வரலாற்றுப் பாடங்களில் மாணவர்கள் இதனைப் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற பெயரில் படிக்கின்றனர்.

இவ்விரு பெயர்களும் ஒரே பொருளைத் தரவில்லை. பேறுபலன் பாவத்தை மன்னிக்கிறது என்று திருச்சபையின் இறையியலாளர்கள் போதிக்கவில்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் அந்தச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்கிய எளிய மக்களில் பலர் அதைப் பாவமன்னிப்பு என்றே எண்ணினர். போதனைக்கும் புரிதலுக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியிலிருந்துதான் 1517-இல் மார்ட்டின் லூதரின் எதிர்ப்பு எழுந்தது. விவாதம் பணத்தோடு நின்றுவிடவில்லை. கடவுளின் தீர்ப்புக்கு முன் நிற்கும் மனிதனுக்கு எது துணை என்ற கேள்வியாக அது வளர்ந்து, மேற்கத்திய கிறித்தவத்தை இரண்டாகப் பிரித்தது.

தீர்ப்பு பற்றிய நம்பிக்கை

இயேசு கிறிஸ்து உலக முடிவில் மீண்டும் வந்து, வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்குவார் என்பது கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. 4-ஆம் நூற்றாண்டில் உருவான நைசீன் நம்பிக்கை அறிக்கையில் இது இடம்பெற்றுள்ளது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் இந்தத் தீர்ப்பை ஒரு காட்சியாக விவரிக்கிறது. இடையன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல அரசர் மக்களைப் பிரிக்கிறார். பசித்தவருக்கு உணவளித்தார்களா, நோயுற்றவரையும் சிறையிலிருந்தவரையும் பார்க்கச் சென்றார்களா என்பதே அங்கே அளவுகோல்.

அதே புதிய ஏற்பாட்டில், பவுல் உரோமையருக்கு எழுதிய மடல் வேறொரு அழுத்தத்தைத் தருகிறது. மனிதர் தம் செயல்களால் கடவுள்முன் நேர்மையாளர் ஆவதில்லை; நம்பிக்கையினாலேயே ஆகின்றனர் என்று அது கூறுகிறது. யாக்கோபின் மடலோ செயல்களற்ற நம்பிக்கை பயனற்றது என்கிறது. இம்மூன்றையும் எப்படி இணைத்துப் புரிந்துகொள்வது என்பதில்தான் பின்னாளைய விவாதங்கள் அனைத்தும் அடங்கியுள்ளன.

கத்தோலிக்கப் போதனையில் தீர்வை இரண்டு வகைப்படும். ஒவ்வொருவரும் இறந்தவுடன் பெறுவது தனித்தீர்வை. உலக முடிவில் எல்லார்க்கும் நிகழ்வது பொதுத்தீர்வை. இடைக்கால ஐரோப்பாவில் எழுத்தறியாத மக்கள் பொதுத்தீர்வையைக் கண்ணாலேயே கற்றனர். பிரான்சு நாட்டுப் பேராலயங்கள் பலவற்றின் தலைவாயிலுக்கு மேல், நடுவில் கிறிஸ்து நடுவராக வீற்றிருக்க, வானதூதர் ஆன்மாக்களைத் தராசில் நிறுக்க, ஒருபுறம் விண்ணகமும் மறுபுறம் நரகமும் விளங்கும் சிற்பங்கள் செதுக்கப்பட்டன. கோவிலுக்குள் நுழைபவர் அந்தத் தராசின்கீழ் நடந்தே உள்ளே செல்ல வேண்டியிருந்தது.

பாவம், தண்டனை, கழுவாய்

பேறுபலனைப் புரிந்துகொள்ள, மன்னிப்பும் தண்டனையும் ஒன்றல்ல என்ற கருத்தை முதலில் அறிய வேண்டும். ஒருவருடைய மாடு அயலாரின் வயலில் புகுந்து பயிரை மேய்ந்துவிட்டது என்று கொள்வோம். மாட்டுக்காரர் சென்று மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிறார், அயலாரும் மன்னித்துவிடுகிறார். பகை தீர்ந்தது. ஆனால் மேய்ந்த பயிர் மேய்ந்ததுதான். அதை ஈடுசெய்யும் கடமை இன்னும் இருக்கிறது. இதைப் போலவே, பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்து நரகத் தண்டனை நீங்கினாலும், தற்காலிகத் தண்டனை ஒன்று எஞ்சும் என்று இடைக்கால இறையியலாளர் விளக்கினர். அதைத் தீர்க்கச் செய்யும் நோன்பு, செபம், தருமம், திருப்பயணம் முதலியன கழுவாய் எனப்பட்டன.

தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும் பாவங்களைச் செய்தோர் பலரறியக் கழுவாய் செய்த பின்னரே மீண்டும் சபையில் சேர்க்கப்பட்டனர். கி.பி. 250-இல் உரோமைப் பேரரசன் டேசியுஸ் காலத்தில் நடந்த கலாபனையில் அச்சத்தால் விசுவாசத்தை மறுத்தவர்கள் பலர். அவர்கள், சிறையில் துன்புற்றுக்கொண்டிருந்த கிறித்தவர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று, தம் கழுவாய்க் காலத்தைக் குறைக்கும்படி ஆயர்களை வேண்டினர். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் இவ்வழக்கத்தை ஒழுங்குபடுத்த முயன்றார். ஒருவர் பட்ட துன்பம் இன்னொருவரின் கழுவாய்க்குத் துணையாகலாம் என்ற கருத்தின் தொடக்கத்தை இங்கே காணலாம்.

6-ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகள் தனிப்பட்ட பாவசங்கீர்த்தன முறையை ஐரோப்பாவில் பரப்பினர். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் நோன்பு என்று பட்டியலிட்ட கையேடுகள் அவர்களிடம் இருந்தன. கழுவாயை நாள்களாலும் ஆண்டுகளாலும் கணக்கிடும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

உத்தரிக்கிற ஸ்தலம்

கழுவாயை முடிக்காமலே ஒருவர் இறந்துவிட்டால் என்ன ஆகும்? மனம் வருந்தியவர் நரகத்துக்குரியவர் அல்லர். முழுத் தூய்மை பெறாததால் உடனே விண்ணகத்துக்குச் செல்லவும் இயலாது. இத்தகையோர் தூய்மை பெறும் நிலையே தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'உத்தரிக்கிற ஸ்தலம்' எனப்படுகிறது. இரண்டாம் லியோன் சங்கம் 1274-இலும், புளோரன்சு சங்கம் 1439-இலும் இக்கோட்பாட்டை அறிவித்தன. கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் இறந்தோருக்காகச் செபிப்பவை. எனினும் மேற்கின் இந்தக் கோட்பாட்டை அவை ஏற்கவில்லை.

இந்நம்பிக்கை, வாழ்வோரையும் இறந்தோரையும் அன்பினால் பிணைத்தது. இறந்த தாய்தந்தையருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் தருமம் செய்வதும் பிள்ளைகளின் கடமையாயின. அதே நேரத்தில், அவர்கள் இன்னும் துன்புறுகிறார்களோ என்ற கவலையும் மக்கள் மனத்தில் குடிகொண்டது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயில் எண்ணற்றோர் இறுதி அருளடையாளங்கள் பெறாமலே மாண்டபோது அந்தக் கவலை ஆழமாயிற்று.

பேறுபலன் வளர்ந்த விதம்

1095-இல் கிளர்மோண்டு சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் அர்பன், எருசலேமை மீட்கப் பக்தியோடு புறப்படுவோருக்கு அப்பயணமே முழுக் கழுவாயாகக் கருதப்படும் என்று அறிவித்தார். 1300-இல் எட்டாம் போனிப்பாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்து, உரோமைக்குத் திருப்பயணம் வருவோருக்குப் பரிபூரண பலன் வழங்கினார். 1343-இல் ஆறாம் கிளமெண்டு, கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுகள் ஒரு கருவூலமாகத் திருச்சபையிடம் உள்ளன என்றும், அதிலிருந்தே பேறுபலன் வழங்கப்படுகிறது என்றும் விளக்கினார். 1476-இல் நான்காம் சிக்ஸ்துஸ், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகவும் பேறுபலனைப் பெறலாம் என்று அறிவித்தார்.

ஒவ்வொரு படியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. உயிரைப் பணயம் வைத்த பயணம் முதலில் திருப்பயணமாயிற்று. போக இயலாதவர் பயணச் செலவைக் காணிக்கையாகத் தரலாம் என்றாயிற்று. பாலங்கள், மருத்துவ இல்லங்கள், ஆலயங்கள் பல இக்காணிக்கையால் எழுந்தன என்பதும் உண்மை. ஆனால் கழுவாய் செய்பவரின் உடலுழைப்பும் மனவருத்தமும் பின்னுக்குச் சென்று, காணிக்கைப் பெட்டி முன்னுக்கு வந்தது. அச்சுக்கலை தோன்றியதும் வேகம் கூடியது. சைப்பிரசுத் தீவின் பாதுகாப்புக்கு நிதி திரட்ட 1454-இல் மைன்ஸ் நகரில் அச்சிடப்பட்ட பேறுபலன் சீட்டு, ஐரோப்பாவில் நாள் குறிப்பிடப்பட்டு அச்சான மிகப் பழைய தாள்களுள் ஒன்று. பெயரும் தேதியும் எழுதுவதற்கு அதில் இடம் விடப்பட்டிருந்தது.

செருமனியில் நடந்தது

உரோமையில் புதிய புனித பேதுரு பேராலயத்தின் அடிக்கல் 1506-இல் நாட்டப்பட்டது. அதன் கட்டுமானத்துக்காகப் பத்தாம் லியோ 1515-இல் செருமானியப் பகுதிகளுக்கு ஒரு பேறுபலனை அறிவித்தார். அதை நடத்தும் பொறுப்பு மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டிடம் இருந்தது. இவர் ஏற்கெனவே மக்டபர்க் பேராயராக இருந்தவர். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களை வைத்துக்கொள்வதற்கான விலக்கும் புதிய பதவியும் பெற உரோமைக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தது. அதை அவர் ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் கடனாகப் பெற்றார். திரளும் காணிக்கையில் பாதி பேராலயத்துக்கு, மறுபாதி இந்தக் கடனைத் தீர்ப்பதற்கு என்று ஏற்பாடாகியது. காணிக்கை கொடுத்த மக்களுக்கு இது தெரியாது.

ஆல்பிரெக்டின் பெயரால் வெளியான அறிவுரைக் கையேடு, அவரவர் தகுதிக்கேற்பக் காணிக்கையை வகுத்திருந்தது. அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் 25 பொற்காசுகள். அடுத்தடுத்த நிலையினருக்குக் குறைவான தொகை. ஏதுமில்லாத ஏழைகள் செபத்தாலும் நோன்பாலும் பெறலாம். உயிரோடிருப்பவர் தமக்காகப் பெறுவதற்கு மனவருத்தமும் பாவசங்கீர்த்தனமும் தேவை என்றும் அதில் இருந்தது. ஆனால் இறந்தோருக்காகக் காணிக்கை செலுத்துபவருக்கு அவை தேவையில்லை என்று கூறப்பட்டது. இறந்த பெற்றோரின் விடுதலைக்குப் பணம் மட்டுமே போதும் என்று மக்கள் எண்ணியதற்கு இந்த ஒரு விதியே போதுமானதாயிருந்தது.

இப்பணியில் முன்னின்றவர் தொமினிக்கன் துறவி யோஹான் டெட்சல். சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் தம் நாட்டுக்குள் இவரை அனுமதிக்கவில்லை. எனவே விட்டன்பர்க் நகர மக்கள் எல்லை கடந்து யூட்டர்போக் என்ற ஊருக்குச் சென்று சீட்டு வாங்கி வந்தனர். அவர்களில் சிலர், பாவத்தை விடும் எண்ணமின்றியே, சீட்டைக் காட்டி மன்னிப்பு எதிர்பார்த்தனர். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் திருவிவிலியப் பேராசிரியராகவும் நகர ஆலயத்தில் மறையுரையாளராகவும் இருந்த லூதருக்கு இது ஓர் ஆன்மிகப் பொறுப்பாகத் தெரிந்தது.

லூதரின் கேள்வி

மார்ட்டின் லூதர் 1483-இல் ஐஸ்லேபன் நகரில் பிறந்தவர். சட்டம் படிக்கத் தொடங்கிய அவர், 1505 சூலையில் வழியில் இடிமின்னலில் அகப்பட்டு, உயிர் பிழைத்தால் துறவி ஆவதாக நேர்ந்துகொண்டார். அவ்வாறே எர்பர்ட் நகர அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். அங்கே நோன்பும் விழிப்பும் அடிக்கடி பாவசங்கீர்த்தனமும் செய்தும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. நீதியுள்ள நடுவருக்கு முன் தம் கழுவாய் போதுமா என்ற அச்சம் தீரவில்லை. உரோமையர் மடலை ஆய்ந்தபோது, 'கடவுளின் நீதி' என்பது பாவியைத் தண்டிக்கும் நீதியைக் குறிப்பதன்று. பாவியை நேர்மையாளராக்கக் கடவுள் இலவசமாகத் தரும் கொடையே அது என்ற தெளிவு தமக்குப் பிறந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

1517 அக்டோபர் 31 அன்று, லூதர் பேராயர் ஆல்பிரெக்டுக்கு ஒரு கடிதம் எழுதி, விவாதத்துக்குரிய 95 கருத்துரைகளை இணைத்து அனுப்பினார். ஆல்பிரெக்டின் கடன் ஏற்பாடு அப்போது அவருக்குத் தெரியாது. அவர் அவற்றைக் கோட்டை ஆலயக் கதவில் அறைந்தார் என்ற செய்தி, அவர் இறந்த 1546-இல் மெலாங்தன் எழுதிய முன்னுரையின் வழியே பரவியது.

இக்கருத்துரைகளில் லூதர் பேறுபலனை முற்றாக மறுக்கவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தையும் மறுக்கவில்லை. கிறித்தவரின் வாழ்நாள் முழுவதுமே மனமாற்றமாக இருக்க வேண்டும் என்று தொடங்கிய அவர், சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேலானது என்றார். திருத்தந்தையால் ஆன்மாக்களை விடுவிக்க முடியுமானால், பணத்துக்காக அன்றி அன்புக்காகவே எல்லாரையும் ஏன் விடுவிக்கக்கூடாது என்று பொதுமக்கள் கேட்பதாகவும் எழுதினார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்து நடுவர், பசித்தவரைப் பற்றித்தான் கேட்கிறார் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் கூர்மை எளிதில் விளங்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் விவாதம் பேறுபலனைத் தாண்டிச் சென்றது. மீட்பு முழுவதும் கடவுளின் அருள். அதை மனிதர் நம்பிக்கையினால் மட்டுமே பெறுகின்றனர். நற்செயல்கள் மீட்பின் கனிகளே அன்றி அதன் விலை அல்ல என்பது லூதரின் நிலைப்பாடாயிற்று. திருத்தந்தையின் கண்டன ஆணையை 1520 டிசம்பர் 10 அன்று அவர் எரித்தார். 1521 சனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1530-இல் உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டையும் வெளிப்படையாக மறுத்து எழுதினார்.

திரிதெந்து சங்கத்தின் மறுமொழி

கத்தோலிக்கத் திருச்சபை 1545 முதல் 1563 வரை இடைவெளிகளுடன் நடந்த திரிதெந்து சங்கத்தில் இதற்கு மறுமொழி அளித்தது. 1547 சனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையில், மனிதர் தம் சொந்த முயற்சியால் மீட்பைத் தொடங்கவே முடியாது, அருளே முந்தி வருகிறது என்று சங்கம் உறுதியாகக் கூறியது. இதில் லூதரோடு முரண்பாடு இல்லை. ஆனால் அருளால் தூண்டப்பட்ட மனித விருப்பம் அதனோடு ஒத்துழைக்கிறது என்றும், நம்பிக்கையோடு எதிர்நோக்கும் அன்பும் சேர வேண்டும் என்றும் கூறி, 'நம்பிக்கை மட்டுமே' என்ற கூற்றை ஒத்துழைப்பே தேவையில்லை என்ற பொருளில் கண்டித்தது.

1563 டிசம்பரில் சங்கம் பேறுபலனைப் பயனுள்ளது என்று உறுதிசெய்து, அதைக் கொண்டு இழிவான ஆதாயம் தேடுவதை ஒழிக்க ஆணையிட்டது. 1567-இல் ஐந்தாம் பயஸ், பணம் செலுத்துவதோடு தொடர்புடைய பேறுபலன்கள் அனைத்தையும் நீக்கினார். லூதரின் முதல் புகார்களுள் முக்கியமான ஒன்று ஐம்பது ஆண்டுகளில் இவ்வாறு தீர்ந்தது. ஆனால் அதற்குள் பிளவு நிலைத்துவிட்டது.

தமிழகத்தில் இவ்விவாதம்

ஐரோப்பியப் பிளவின் இரு தரப்பும் வெவ்வேறு காலங்களில் தமிழகம் வந்தன. இயேசு சபையினரான அன்றீக்கே அன்றீக்கஸ், பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் 'கொம்பெசியோனாயரு' என்ற நூலைத் தமிழில் ஆக்கினார். இது 1580-இல் கொச்சியில் அச்சாயிற்று. தமிழில் அச்சான முதல் சில நூல்களுள் ஒன்று பாவத்தையும் மனவருத்தத்தையும் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 1706 சூலை 9 அன்று சீகன்பால்க், புளுட்சாவ் ஆகிய லூத்தரன் மறைப்பணியாளர்கள் தரங்கம்பாடி வந்திறங்கினர். 18-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' முதலிய உரைநடை நூல்களால் லூத்தரன் கருத்துகளை மறுத்தார். விட்டன்பர்க்கில் தொடங்கிய வாதம் இவ்வாறு தமிழ் உரைநடையின் வளர்ச்சிக்கும் ஒரு காரணமாயிற்று.

சொற்களிலும் இந்தப் பிளவின் தடம் உள்ளது. ஒரே கருத்தைக் கத்தோலிக்கர் 'மீட்பு' என்றும், சீர்திருத்தச் சபையினர் 'இரட்சிப்பு' என்றும் பெரும்பாலும் கூறுகின்றனர். முன்னவர் 'அருள்', 'தீர்வை' என்பதைப் பின்னவர் 'கிருபை', 'நியாயத்தீர்ப்பு' என்பர். கத்தோலிக்கர் 'ஏற்புடையவர் ஆதல்' என்பது பின்னவர் வழக்கில் 'நீதிமானாக்கப்படுதல்'.

1999-ஆம் ஆண்டு உடன்பாடு

20-ஆம் நூற்றாண்டில் இரு தரப்பு இறையியலாளரும் பல ஆண்டுகள் கூடிப் பேசினர். இதன் பயனாக, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமைக் கோட்பாடு பற்றிய பொது அறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதரின் தகுதியினால் அன்றி, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில் கடவுள் மனிதரை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அதே அருளே அவர்களை நற்செயல்களுக்கு அழைக்கிறது என்றும் இருவரும் சேர்ந்து அறிவித்தனர். அறிக்கையில் விளக்கியபடி போதிக்கும் மறு தரப்பின் மீது 16-ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் பொருந்தா என்றும் ஏற்றனர். 2006-இல் உலக மெத்தடிஸ்ட் மன்றமும், 2017-இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியமும் இதில் இணைந்தன.

இன்றைய நிலை

பேறுபலன் இன்றும் கத்தோலிக்கப் போதனையில் உள்ளது. 1967-இல் ஆறாம் பவுல் அதைச் சீரமைத்து, இத்தனை நாள், இத்தனை ஆண்டு என்று கணக்கிடும் பழைய முறையை நீக்கினார். பரிபூரண பலன் பெற, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், பாவப்பற்றை முற்றும் துறத்தல் ஆகியவை தேவை. பணத்துக்கு அதில் இடமில்லை. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவர், அவர்களுக்காக இப்பலனைப் பெறலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று தமிழகக் கத்தோலிக்கர் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி மன்றாடுவதன் பின்னே இந்த நீண்ட வரலாறு இருக்கிறது. சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் பேறுபலனையும் இன்றும் ஏற்பதில்லை. அவர்களின் அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும் துயருற்ற குடும்பத்துக்கான ஆறுதலும் முதன்மை பெறுகின்றன. 1999-ஆம் ஆண்டு அறிக்கை இவ்வேறுபாட்டைத் தீர்க்கவில்லை.

காணிக்கைப் பெட்டியைப் பற்றிய புகார் ஐம்பது ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. மனிதன் எதை நம்பிக் கடவுளின் தீர்ப்புக்கு முன் நிற்பான் என்ற கேள்விக்கு இரு தரப்பும் சேர்ந்து ஒரு விடை எழுத 482 ஆண்டுகள் ஆயின. 'பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையே சமயச் சீர்திருத்தத்தின் காரணம்' என்று ஒரு வரியில் விடை எழுதும் மாணவர், இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், அந்த வரியின் பின்னேயுள்ள மனிதர்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே புரிந்துகொள்ளலாம்.